உயிரோட மீன்

கார்லின் பொருத்தனையில், அதாவது நேர்த்திக்கடனில், ஒரே ஒரு சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அதனால் வந்ததுதான் இத்தனை அலைச்சலும். அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கார்ல் எனக்குச் சகலை. என் மனைவி பாக்கியவதியின் தங்கை கிளாரிசாவைக் கட்டியவன். புனேயின் கட்கியில் பிறந்து, போபோடிச் சந்துகளில் வளர்ந்து, போசரியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறான். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, கோபம் வந்தால் மராத்தி. சில சமயம் மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். நானோ சாயர்புரம் பக்கத்தில் படித்தவன். எழுவாயும் பயனிலையும் அதனதன் இடத்தில் உட்காராவிட்டால் எனக்குத் தாங்காது. இப்படி இரண்டு பேரை ஒரே வீட்டுக்கு மருமகனாக எடுத்தவர் எங்கள் மாமனார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போய்க் கேட்க வழியில்லை.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் கார்லின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வருவதற்கு முந்தின ஞாயிறு, சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் கார்ல் எழுந்து போய் மைக்கைப் பிடித்தான். அவன் சொல்ல நினைத்தது இது: நான் உயிரோட இருந்தா, என் கையால கடல் மீன் பிடிச்சு, அறுப்பின் பண்டிகைக்குப் படைக்கிறேன். நடுவில் நாக்குக் குழறி, அழுகை வந்து, 'இருந்தா' என்பது வெளியே வரவில்லை. சபையார் காதில் விழுந்தது, "நான் உயிரோட... என் கையால கடல் மீன் பிடிச்சு... படைக்கிறேன்."

"அல்லேலூயா!" என்றார் பாஸ்டர் ஐயா. "நம்ம சகோதரர் உயிருள்ள மீனையே பொருத்தனை பண்ணியிருக்காரு!"

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. கார்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டான். அழுகிற ஆள் எதற்குத்தான் தலையாட்ட மாட்டான்.

எங்கள் ஊர் வழக்கப்படி, புனேயிலும் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் கைப்பாட்டில் விளைந்ததைக் கொண்டு வருவார்கள். வயல் எங்கே இருக்கிறது? தொட்டியில் காய்த்த கத்தரிக்காய், மொட்டை மாடிக் கோழி, அதிரசம், பூ வேலை செய்த தலையணை உறை, இப்படி. ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் போடுவார்கள். கடையில் வாங்கி வைப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் பொருத்தனை என்று மைக்கில் சொல்லிவிட்டால் அது வேறு.

பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது. ஆனாலும் டாக்டர், நவம்பரில் மறுபடி ஒரு ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும், தள்ளிப் போடக்கூடாது என்று சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார். அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த செவ்வாய். இங்கேதான் கார்ல் முரண்டு பிடித்தான். மீனைப் படைக்காமல் ஸ்கேனுக்கு வரமாட்டானாம்.

"கடன வச்சிட்டு, மறுபடி எந்த மூஞ்சியோட போயி நிக்கிறது அண்ணாச்சி?"

இரண்டு தடவை தனியாகக் கொங்கண் கடற்கரைக்குப் போய்ச் செத்த இறாலைத் தூண்டிலில் மாட்டி உட்கார்ந்துவிட்டு, வெயிலில் கறுத்து வெறுங்கையோடு வந்தான். அவன் தாத்தா திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அந்தத் தைரியம்தான் அவனுக்கு. கடல் ரத்தத்தில் இருக்கிறதாம். நீச்சல் மட்டும் ரத்தத்தில் இறங்கவில்லை.

பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கிளாரிசா போன் பண்ணினாள். "அத்தான், நாளைக்கு நீங்களும் கூடப் போங்க. இந்த மனுசன் மீனும் புடிக்காம, ஸ்கேனுக்கும் போகாம... எனக்குப் பயமா இருக்கு அத்தான்." அழுதாள். அழுகையை நிறுத்திவிட்டு, "முதல்ல வந்து என் குளிக்கிற ரூமைப் பாருங்க," என்றாள். அந்தக் குரலில் பயம் இல்லை, எரிச்சல் இருந்தது.

என் வீடு இருக்கும் கோந்த்வாவிலிருந்து போபோடிக்கு மாலை நேரத்தில் வருவதே ஒரு தண்டனை. வந்து பார்த்தால், குளியலறையில் குளிக்கும் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல ட்ரம்முக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கூட்டம் மீன்குஞ்சுகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஓரத்தில் மீன்தொட்டிக் கடையில் விற்கிற காற்று மோட்டார், பேட்டரியில் ஓடிக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"ரோகு அண்ணாச்சி," என்றான் கார்ல் பெருமையாக. "குளம் வச்சிருக்கிற ஆளுகிட்ட, நானே கொசுவலையால அள்ளினேன். ஏக்தம் ஜிந்தா, எல்லாம் உயிரோட."

"எதுக்கு?"

"இரை. கொடுவா மீன் இருக்கில்ல, இங்க ஜிதாடான்னு சொல்றான், அது செத்ததைத் தொடாது. அதுக்கு முன்னாடி உயிருள்ள சின்ன மீன் துடிச்சாத்தான் வந்து அடிக்கும். எல்லா வீடியோலயும் அதான் சொல்றான்."

கிளாரிசா வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "கேட்டீயளா அத்தான். கடலுக்கு மீன் புடிக்கப் போறவுக வீட்டுல இருந்து மீன் கொண்டு போறாவ. நாளைக்கு மழைக்குப் போனா குடத்துல தண்ணி கொண்டு போவாவ போல."

"உனக்குப் புரியாது கிளாரி."

"எனக்கு என்ன புரியணும்? இதுல நாங்க குளிக்கவா, குழம்பு வைக்கவா? அத மட்டும் சொல்லுங்க."

நான் இதற்குள் போக விரும்பவில்லை. ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "கார்ல், ஞாயித்துக்கிழமை உயிருள்ள மீன் வரும்னு சபை பூராவும் பேசிக்கிட்டு இருக்கு. கொடுவாயைப் புடிச்சாலும் உயிரோட புனே வரைக்கும் எப்படிக் கொண்டு வருவ?"

"அரே அண்ணாச்சி! நான் சொன்னது *நான்* உயிரோட. மீன் உயிரோட இல்ல. மீன் ஐஸ்ல."

"நீ வாயால சொன்னதைத்தானே எடுத்துக்க முடியும்?"

"மனசுல இருந்தது அவருக்குத் தெரியும். ஆண்டவருக்கு இந்தி தெரியாதா?"

"நீ தமிழ்லதானேய்யா சொன்ன?"

"மனசுல இந்தில சொன்னேன்."

வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போது தாம்ஹிணி மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டி என்னுடையது. பின் இருக்கையை மடக்கி ட்ரம்மை வைத்து, கிளாரிசாவின் பழைய துப்பட்டாவால் கட்டியிருந்தான். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் அலம்பி என் முதுகில் தெறித்தது. "ஸ்லோ அண்ணாச்சி, மீனுக்குத் தலை சுத்தும்," என்றான். எனக்குச் சுற்றுவதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை.

முருட் என்ற கடற்கரை ஊரைத் தாண்டி ஒரு சின்னப் படகுத்துறை, ஜெட்டி என்பார்கள். மீன்பிடிப் படகுகள் வேறு பக்கம் போய்விட்டதால், தூண்டில்காரர்கள்தான் அங்கே வருவார்கள். கடலுக்குள் நீண்டிருக்கும் கான்கிரீட், கீழே தூண்களில் சிப்பி ஒட்டிக் கூர்கூராக இருக்கும். ஒருவர் மட்டும் முன்பே வந்து குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பன்வேல்காரர், பெயர் மனோஜ். நான் கேட்காமலே சொன்னார்.

ட்ரம்மை இறக்கியதும் கார்ல் முதலில் செய்த காரியத்தைக் கவனியுங்கள். "பாவம், ராத்திரியில இருந்து ஒரே தண்ணி," என்று சொல்லி, பாதித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, கயிறு கட்டிய வாளியால் கடல் தண்ணீரை இழுத்து இழுத்து ஊற்றினான். நானும் ஒரு வாளி ஊற்றினேன், மறைப்பதற்கில்லை. ஊற்றிவிட்டு இரண்டு பேரும் தேநீர்க் குடுவையைத் திறந்தோம்.

குடித்து முடிப்பதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு சாய்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக வெள்ளை வயிற்றைக் காட்டின.

"மோட்டார் ஓடுதே!" என்று கார்ல் மோட்டாரைக் காதில் வைத்துப் பார்த்தான். "காத்து வருதே! என்ன அண்ணாச்சி இது?"

மனோஜ் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "குளத்து மீனா?" என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றோம். "உப்புத் தண்ணியில போட்டீங்களா?" ஆமாம் என்றோம். நாற்காலி ஆடும்படி சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "புனேக்காரங்க வெளியூருக்குச் சாப்பாடு கட்டிக்கிட்டு வருவாங்கன்னு தெரியும். மீனுக்குமா கட்டிக்கிட்டு வருவீங்க?" என்றார்.

கார்ல் அவரைப் பார்க்கவில்லை. ட்ரம்முக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது. விடியுமுன் எழுந்து, மலை இறங்கி, முதுகு நனைந்து, கடைசியில் ஒரு ட்ரம் செத்த ரோகு.

"தாத்தா கடற்கரைக்காரரு. ரத்தத்துல கடல் இருக்கு. உப்பு மட்டும் இல்லையோ?"

"நீங்களும்தானே அண்ணாச்சி ஊத்தினீங்க?"

ஊற்றியது உண்மைதான். அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

சரி, இரை இங்கேதான் பிடிக்க வேண்டும். ஜெட்டிக்குக் கீழே, நீர் ஏறத் தொடங்கிய இடத்தில், சின்ன மடவை மீன்கள் கூட்டமாக மேலே வந்து மூக்கால் தண்ணீரில் கோடு போட்டுக்கொண்டு போவது தெரிந்தது. அவற்றை எதைக் கொண்டு பிடிப்பது? எங்களிடம் இருந்த செத்த ரோகுவை நறுக்கிப் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. பாக்கியவதி கட்டிக்கொடுத்த பொட்டலத்தில் வடாபாவ், பன்னுக்குள் வைத்த வடை, இருந்தது. கார்ல் ஒரு பாவைப் பிட்டு எறிந்தான். தண்ணீர் கொதித்தது போல ஆயிற்று.

"அண்ணாச்சி! பாவ்!"

"அது நம்ம மத்தியானச் சாப்பாடு."

"வடை நமக்கு. பாவ் அதுக்கு."

அப்படித்தான் பங்கு பிரித்தோம். இருப்பதிலேயே சின்னத் தூண்டில் முள்ளை மெல்லிய தங்கூசி நரம்பில் கட்டி, ஒரு தக்கையும் மாட்டி, பாவின் உள்சதையைப் பட்டாணி அளவுக்கு உருட்டி முள்ளை மூடினான். நான் மேலே நின்று துணுக்குகளைத் தூவிக் கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். நிறையத் தூவினால் அவை வயிறு நிறைந்து போய்விடும், குறைவாகத் தூவினால் அலுத்துப் போய்விடும். கல்யாண வீட்டில் முதல் பந்தியைச் சமாளிப்பது போல இருந்தது.

தக்கை மெல்ல நடுங்கியது. கார்ல் இரண்டு கையாலும் தூண்டிலை வானத்துக்கு வீசினான். முள்ளில் ஒரு சின்ன உதடு மட்டும் வந்தது.

"மெல்ல இழுக்கணும்யா. அதுக்கு வாய் பஞ்சு மாதிரி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப உதடு மட்டும் வந்துச்சே, அதைப் பார்த்துத்தான்!"

அடுத்த தடவை இழுக்கவே இல்லை, பாவைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. அதற்கடுத்த தடவை நான் பேசியதால் போய்விட்டதாம். வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டதும் ஒன்று வந்தது. வெள்ளி மாதிரி, உள்ளங்கை நீளம், துள்ளிக்கொண்டு. கார்ல் சந்தோஷத்தில் அதைத் துவாலையால் பொத்திப் பிடித்து முள்ளைக் கழற்றினான். ட்ரம்மில் விட்டபோது செதிலெல்லாம் துவாலையோடு போயிருந்தது. மீன் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அடியில் படுத்துக்கொண்டது.

"கார்ல்!"

"என்ன இப்ப?"

"அது வழுக்குதுன்னு துடைக்கிறியா? கைய நனைச்சுப் புடி. பிறந்த பிள்ளையத் தூக்கற மாதிரித் தூக்கு."

"பிள்ளைய நனைச்சா தூக்குவாங்க?"

ஆனாலும் அடுத்ததை நனைந்த கையால் பிடித்தான். அது பிழைத்தது. வெயில் தலைக்கு நேரே வந்தபோது ட்ரம்முக்குள், இந்தத் தடவை முழுக்கக் கடல் தண்ணீரில், நாலு மடவைகள் முகத்தை ஒரே பக்கம் வைத்துக்கொண்டு நின்றன. நாங்கள் பாவ் இல்லாத வடையைத் தின்றோம். மனோஜ் தன் டப்பாவிலிருந்து இரண்டு சப்பாத்தி கொடுத்தார். வாங்கிக்கொண்டோம். மரியாதையெல்லாம் காலையிலேயே போய்விட்டது.

பிறகு கார்ல் பெரிய தூண்டிலை எடுத்தான். ஒரு மடவையின் மேலுதட்டில் முள்ளை மெல்லக் கோத்து, தூண்களுக்கு அருகே இறக்கினான். அது கீழே போய் நீந்துவது தூண்டில் நுனியில் துடிப்பாகத் தெரிந்தது. நீர் உயர்ந்துகொண்டே வந்து சிப்பிகளை மூடியது.

துடிப்பு திடீரென்று வேகமாயிற்று. பிறகு நின்றது. பிறகு தூண்டில் வளைந்து ஜெட்டி விளிம்பில் இடித்தது.

நான் அதைக் கண்ணால் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. தண்ணீருக்கு வெளியே பாதி எழும்பித் தலையை உதறியது. செம்பு வெயிலில் பளபளப்பது போல ஒரு கண். கொடுவாதான். மனோஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். "விடு, விடு, ஓடவிடு!" என்று கத்தினார். கார்ல் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். அது ஜெட்டிக்கு அடியில் திரும்பித் தூணைச் சுற்றியது. தங்கூசி சிப்பியில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு அது அறுந்து, தூண்டில் நிமிர்ந்து நின்றது.

அவ்வளவுதான்.

கார்ல் கான்கிரீட்டில் உட்கார்ந்துவிட்டான். மனோஜ் அவன் தோளைத் தட்டிவிட்டு, போய் நாற்காலியை நிமிர்த்தினார். அவர் கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வேறு எதுவும் கடிக்கவில்லை. முள்ளில் இன்னொரு மடவையைக் கோக்க மாட்டேன் என்றான் கார்ல். ஏன் என்றால், "இருக்கிறதும் போயிடும்," என்றான். அப்புறம் அதைக் கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்றால் ட்ரம்மை எட்டிப் பார்த்தான். வெயில் சாயத் தொடங்கியது. மலைப்பாதை ஏற வேண்டும். காலையில் ஆராதனை.

"சரி, எழுந்திரி," என்றேன். "ட்ரம்ம ஏத்துவோம்."

"காலி பண்ணிடுங்க அண்ணாச்சி. மடவைய கடல்ல விட்டுடுங்க."

"ஏன் விடணும்? கார்ல், இந்த ட்ரம்முல என்ன இருக்கு?"

"இரை."

"யாரு புடிச்சது?"

"நான்தான். மத்லப், அதாவது, என்ன கேக்கறீங்க?"

"உயிரோட இருக்கா?"

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. "இரைய எப்படி அண்ணாச்சி ஆண்டவருக்குக் குடுக்கறது? விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, இலையில கரண்டிய வச்ச மாதிரி!"

"இரைன்னு நாமதான்யா சொல்றோம். அதுகிட்ட கேட்டா, நான் மீன்னுதான் சொல்லும்."

"உள்ளங்கை அளவு கூட இல்ல!"

"நீ பெருசுன்னு சொன்னியா? மைக்கில சொன்னியா? கொடுவான்னு சொன்னியா? கடல் மீன், உன் கையால, உயிரோட. இதுல எது இல்லை, சொல்லு." எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "காலையில இருந்து என் முதுகு ஈரம் காயல. பசிக்குது. உன் பெண்டாட்டி வீட்டுல அழுதுக்கிட்டு இருக்கா. செவ்வாய்க்கிழமை நீ அந்த ஸ்கேன் மிஷினுக்குள்ள படுக்கணும். அதுக்கு ஒரு மீன் வேணும், அவ்வளவுதானே? இந்தா, மூணு இருக்கு!"

கார்ல் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். பிறகு, கோபமில்லாமல், சின்னக் குரலில் சொன்னான்: "சின்னதக் குடுத்துட்டு, பெருசாக் கேக்கற மாதிரி இருக்காதா அண்ணாச்சி? ஸ்கேன்ல எதாவது வந்துட்டா... இதுக்குத்தான் வந்துச்சுன்னு ராத்திரி பூரா நினைப்பேன்."

இதுவரை அவன் பயத்தை நான் பிடிவாதம் என்றே எழுதி வைத்திருந்தேன், மனதில்.

"அப்படிக் கணக்குப் பாக்கிறவரு இல்ல அவரு," என்றேன். "அப்படிப் பார்த்தா, காலையில ரோகுவ கொன்னதுக்கே நம்ம ரெண்டு பேரையும் கடல்ல தள்ளியிருப்பாரு."

சிரித்தானா என்று தெரியவில்லை. ஆனால் எழுந்து, கையை நனைத்துக்கொண்டு, ட்ரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்தான்.

மலை ஏறும்போது காற்று மோட்டாரின் பேட்டரி தீர்ந்தது. தீராமல் இருந்தால்தான் அதிசயம். கார்ல் பின்னால் தாவிப் போய், ட்ரம்மோடு ஒட்டி உட்கார்ந்து, பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றத் தொடங்கினான். அள்ளுவதும் ஊற்றுவதுமாக போபோடி வரை வந்தான். "எப்படி இருக்கு?" என்று நான் கேட்பேன். "மூணும் நிக்குது," என்பான். "இப்ப?" "அரே, நிக்குது அண்ணாச்சி, ரோட்டப் பாருங்க." பள்ளம் வந்தால் என்னைத் திட்டினான். வாழ்க்கையில் முதன்முறையாகத் தெளிவான தமிழில் திட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை. கிளாரிசா ஊறுகாய் போடும் பெரிய கண்ணாடி ஜாடியைக் கழுவிக் கொடுத்திருந்தாள். மூன்று மடவைகளும் அதற்குள். பலிபீடத்துக்கு முன்னால் பூசணிக்காய்க்கும், கால் கட்டிய இரண்டு கோழிகளுக்கும் நடுவே ஜாடியை வைத்தான் கார்ல். புதுப் பேட்டரி போட்ட மோட்டார், பாஸ்டர் ஐயாவின் நீண்ட ஜெபம் முழுவதும் குளுகுளு என்று ஓடிக்கொண்டிருந்தது. கோழி ஒன்று ஜாடியையே சாய்ந்து பார்த்தது. ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்த பாஸ்டர் ஐயா ஜாடிப் பக்கம் குனிந்தார். "சொன்னபடியே, உயிரோட!" என்றார். சபை கை தட்டியது. கார்ல் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

ஏலத்தில் உயிருள்ளவைதான் முதலில் போகும், கத்துகிறதாலும் அசிங்கம் பண்ணுகிறதாலும். கோழிகள் போயின. ஏலம் விடுகிறவன் ஜெரோஷ், ஐடியில் வேலை செய்கிற பையன், தமிழ் எண்களில் தடுமாறி ஆங்கிலத்தில்தான் கூவுவான். ஜாடியைத் தலைக்கு மேலே தூக்கினான்.

"கடல் மீன்! லைவ்! கார்ல் அங்கிள் சொந்தக் கையால புடிச்சது!"

"நான் எடுத்துக்கிறேன்," என்று ஒரு விலை சொன்னார் பாடகர் குழுவின் கெசியா அக்கா. "ஒரு வாய்க் குழம்புக்கு வராது. ஆனாலும் காணிக்கை மீன். சட்டியில போடணும்."

"குழம்பா?" கார்லின் கை தானாக மேலே போய்விட்டது. விலையை ஏற்றினான்.

சபையே திரும்பிப் பார்த்தது. படைத்தவனே கேட்கக்கூடாது என்று சட்டம் இல்லை. ஆனால் இதுவரை யாரும் கேட்டதும் இல்லை. கெசியா அக்கா சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஏற்றினார். கார்ல் அதற்கு மேலே போனான். அக்கா கையெடுத்துக் கும்பிட்டு விலகிக்கொண்டார். ஜெரோஷ், "ஒன்... டூ..." என்று இழுத்தான். யாரும் பேசவில்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் கார்ல் தன் விலைக்கு மேலே தானே மறுபடி ஏற்றினான்.

"உன்கிட்டயேதான்யா இருக்கு!" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கம்மியா இருந்துச்சு அண்ணாச்சி."

வளாகமே விழுந்து விழுந்து சிரித்தது. கிளாரிசா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பாக்கியவதி எட்டிப் பார்த்தாள். இல்லை.

ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். இவ்வளவு கலாட்டாவுக்குப் பிறகாவது ஆளுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைத்தேன். காதோரமாக வந்து சொன்னான்: "அடுத்த சனிக்கிழமை போறோம். அந்தக் கொடுவா அங்கதான் இருக்கும். இரை ரெடி."

"செவ்வாய்க்கிழமை?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி," என்றான், இதென்ன கேள்வி என்பது போல. "அதான் குடுத்தாச்சே. கடன் இல்லையே."

செவ்வாய்க்கிழமை நான்தான் அழைத்துப் போனேன். ஸ்கேன் அறைக்கு வெளியே நீல நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். என் சகலைக்கு ஆஸ்பத்திரி நினைப்பே இல்லை. வீட்டுக்குப் போன் போட்டு, ட்ரம்மில் தண்ணீர் குறைந்திருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, மூன்றும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறதா என்று கிளாரிசாவைக் கேட்டுக்கொண்டே இருந்தான். தண்ணீர் குறைந்திருக்கிறதாம். குழாய்த் தண்ணீரை ஊற்றாதே, உப்புக் கலந்து ஊற்று என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நர்ஸ் கதவைத் திறந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்.

கார்ல் எழுந்தான். கழுத்தில் தழும்பு இருந்த இடத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டான். போனை என் கையில் கொடுத்தான். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடியது.

போனைக் காதில் வைத்தேன்.

"அத்தான், உள்ள போயிட்டாவளா?"

"போயிட்டான் கிளாரிசா."

மறுமுனையில் மோட்டாரின் குமிழிச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"கல் உப்பா அத்தான், தூள் உப்பா?"